கேள்வி – பதில்: மழலையர் வகுப்பறையில் திரைக்கு என்ன வேலை?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் வகுப்பறைக்குள் டேப்லெட்டும் ஸ்மார்ட் போர்டும் செயலிகளும் நுழைவதை ஆசிரியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கலாம் என்பதே அந்த விஷயம். எழுதியவர்களில் ஆசிரியைகளே அதிகம் என்பதால், பெற்றோர் கேட்டவற்றுக்கும் வகுப்பறையின் பக்கம் நின்றே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மழலையர் வகுப்பில் நீண்ட காலமாகப் பணியாற்றுகிறேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் குழந்தைக்கு ஒன்றாக டேப்லெட் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'டீச்சருக்குத் தொழில்நுட்பம் என்றால் பயம்' என்கிறார்கள் உடன் பணியாற்றும் இளையவர்கள். என் தயக்கம் வெறும் பயம்தானா? – ஓர் ஆசிரியை

பதில்: அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாளைக் காலை இந்த டேப்லெட்டுகளைக் குழந்தைகளிடம் கொடுப்பதாக இருந்தால் எதைக் குறித்துக் கவலைப்படுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'குழந்தை எதையாவது அழுத்தித் திரை மாறிவிட்டால் பழையபடி கொண்டுவரத் தெரியாது' என்பது போன்ற வரிகள் வந்தால், அது பழக்கமின்மை. சில வாரங்களில் சரியாகிவிடும். 'மணிகளைப் பங்கிடும்போது இப்போது நடக்கிற சண்டையும் சமாதானமும் பேச்சும் நின்றுபோகும்' என்பது போன்ற வரி வந்தால், அது இத்தனை ஆண்டு அனுபவம் உங்களுக்குத் தந்திருக்கும் தீர்மானம். அதைப் பயம் என்று சொல்பவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெக்கி எர்ட்மர் என்ற கல்வி ஆய்வாளர் 1999இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். கருவி, நேரம், பயிற்சி ஆகியவை போதாமையால் வரும் வெளித்தடைகள் ஒரு வகை. கற்பித்தலைப் பற்றி ஆசிரியரின் மனத்தில் ஊறிப்போயிருக்கும் நம்பிக்கைகளால் வரும் உள்தடைகள் இன்னொரு வகை. பள்ளி நிர்வாகங்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பணம் செலவழித்துத் தீர்த்துவிட்டு, ஆசிரியர்கள் இன்னும் ஏன் தயங்குகிறார்கள் என்று வியக்கின்றன. என்னைக் கேட்டால், மழலையர் வகுப்பில் இரண்டாம் வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் களைந்தாக வேண்டும் என்ற அவசியமில்லை. அவற்றில் சில சரியான நம்பிக்கைகள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்ணக் கற்றுத்தரும் செயலி ஒன்றில் ஐந்து வாத்துகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். குழந்தை தொட்டவுடன் ஒவ்வொரு வாத்தும் நிறம் மாறும். 'ஒன்று', 'இரண்டு' என்று குரல் வரும். ஒருமுறை தொட்டதை மறுபடி தொட்டால் ஒன்றும் நடக்காது. பிழையே செய்ய முடியாதபடி அமைந்த அந்தத் திரையில் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிய குழந்தையிடம் ஐந்து மணிகளைக் கொடுத்து எண்ணச் சொன்னால், ஒரே மணியை இருமுறை தொட்டு 'ஆறு' என்று சொல்லக்கூடும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற ஒழுங்கு, எண்ணி முடித்த மணியைத் தன் கையாலேயே ஒதுக்கி வைக்கும்போதுதான் குழந்தைக்குப் பிடிபடுகிறது. செயலியோ ஒதுக்கி வைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, எண்ணின் பெயரை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. இதைக் கண்ணால் கண்ட ஆசிரியை தயங்குவதில் வியப்பென்ன இருக்கிறது?

அதே சமயம், எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இளம் குழந்தைகளின் கல்விக்கான தேசியச் சங்கமும் ஃப்ரெட் ராஜர்ஸ் மையமும் 2012இல் வெளியிட்ட கூட்டு நிலைப்பாட்டு அறிக்கை, தெளிவான நோக்கத்தோடும் வயதுக்கு ஏற்றபடியும் கையாண்டால் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கும் தொழில்நுட்பம் பயன்படும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் எதை, எப்போது, எதற்காக என்று தீர்மானிப்பதில் ஆசிரியரின் அறிவையும் அனுபவத்தையுமே முன்னிறுத்தியது. உங்கள் பள்ளியின் ஏற்பாட்டில் எனக்கு நெருடுவது 'குழந்தைக்கு ஒன்று' என்ற கணக்குத்தான். மூன்று குழந்தைகளுக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். யார் முதலில், யார் அடுத்து, எதை அழுத்துவது என்று அவர்கள் பேசியே தீர வேண்டியிருக்கும். மீதமுள்ளவை அலமாரியில் இருந்தால் நிர்வாகம் கேள்வி கேட்கத்தான் செய்யும். வாத்துக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மதிய உணவு நேரத்திலும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும் வகுப்பில் பெரிய திரையில் கார்ட்டூன் பாட்டுகளைப் போட்டுவிடுகிறார்கள். 'எல்லாம் கல்விப் பாட்டுதான்' என்கிறார் ஆசிரியை. இது சரியா? – ஒரு தாய்

பதில்: கல்விப் பாட்டாகவே இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அது செய்கிற வேலை குழந்தைகளை அமைதியாக உட்கார வைப்பது. ஆசிரியையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒருவர் கை கழுவிவிட, இன்னொருவர் சிந்தியதைத் துடைக்க, மூன்றாமவர் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டிய நேரத்தில் ஒரே ஓர் ஆசிரியை நின்றால், அவர் கை திரையின் பக்கம் போகத்தான் செய்யும். ஆகவே உங்கள் கோரிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு ஓர் உதவியாளரைக் கேளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வயதுக்கு ஓடியாடும் நேரம் குறைந்தது 180 நிமிடம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த 1 மணி நேரத்தில் வீட்டுத் தொலைக்காட்சியும் உங்கள் கைபேசியும் அடங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பள்ளியிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிட்டால், மாலையில் வீட்டில் பார்ப்பதெல்லாம் வரம்புக்கு மேல்தான்.

பாட்டைப் போடுவதே தவறு என்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். நேரில் பேசியவரிடமிருந்து குழந்தைகள் கற்றுக்கொண்டனர்; காணொளி அழைப்பில் பேசியவரிடமிருந்தும் கற்றுக்கொண்டனர்; முன்பே பதிவுசெய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. காணொளி அழைப்பிலும் எதிரில் இருந்தது திரைதான் என்றாலும், அதிலிருந்தவர் குழந்தையின் முகத்தையும் சொல்லையும் பார்த்து அதற்கேற்பப் பதில் சொன்னார். வகுப்பில் இதைச் செய்து பார்ப்பது எளிது. பாட்டின் நடுவே ஆசிரியை நிறுத்தி, 'இப்போது அந்த யானை எங்கே போகும்?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தால், அதே காணொளி வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கிவிடும். உணவு நேரத்தில் அது நடக்காது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து அதிக காலமாகவில்லை. டேப்லெட்டால் எத்தனையோ நல்ல வேலைகளைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். மூத்த ஆசிரியைகள் 'இந்த வயதுக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? – ஓர் இளம் ஆசிரியை

பதில்: சம்மதிக்க வைக்கும் முயற்சியை முதலில் கைவிடுங்கள். அந்த மூத்தவர்களில் பலர் பாடத் தயாரிப்புக்கும், பாட்டுத் தேடுவதற்கும், பெற்றோருக்குச் செய்தி அனுப்புவதற்கும் தினமும் கைபேசியைப் பயன்படுத்துகிறவர்களாகவே இருப்பார்கள். தமக்கு உதவும் கருவியாக ஏற்றுக்கொண்டதைக் குழந்தையின் கையில் கொடுக்கத் தயங்குவது முரண்பாடு ஆகாது. பெரியவருக்கு அது வேலையைச் சுருக்குகிறது, குழந்தைக்கோ அந்த வேலையே பாடமாக இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

அடுத்ததாக, செயலிகளை ஒதுக்கிவிட்டு, அந்தக் கருவியில் ஏற்கெனவே இருக்கிற மூன்றைக் கொண்டு தொடங்குங்கள்: கேமரா, ஒலிப்பதிவு, பெரிதாக்கிக் காட்டும் வசதி. ஈரத்துணியில் வைத்த பயறு முளைப்பதை ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தை படமெடுக்கட்டும். தட்டு எந்த இடத்தில், கேமரா எவ்வளவு தூரத்தில் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் முளையும், மறுநாள் யாருடைய கட்டை விரலும் படத்தில் விழும் (விழட்டும், அதுவும் பேச்சுக்கு ஆகும்). வார முடிவில் படங்களை அச்சிட்டுத் தரையில் பரப்பி, எது முன்னால், எது பின்னால் என்று குழந்தைகளையே அடுக்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே மெதுவாக நடப்பதால் காண முடியாமல் போகும் மாற்றத்தைப் படங்கள் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுகின்றன. கரும்பலகையால் இதைச் செய்ய முடியாது. பயறைத் தொடுவதும் தண்ணீர் தெளிப்பதும் குழந்தையின் கையிலேயே இருப்பதால் மூத்த ஆசிரியைக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது.

ஒலிப்பதிவு இன்னும் அருமையான கருவி. வட்டமாக உட்கார வைத்துக் கதை சொல்லச் சொன்னால் வாயே திறக்காத குழந்தை, ஓர் ஓரத்தில் பொம்மையிடம் சொல்வதைப் போலப் பதிவுக் கருவியிடம் நீளமாகப் பேசுவதுண்டு. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையின் பாட்டியிடம் ஒரு தாலாட்டைப் பதிவு செய்து வாங்கி வந்து வகுப்பில் போட்டால், அன்றைக்கு அந்தக் குழந்தைதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். பேச்சு வராத குழந்தைகளுக்கோ படத்தைத் தொட்டால் குரல் தரும் கருவிதான் வாய். அங்கே 'இந்த வயதுக்கு வேண்டாம்' என்ற வாதத்துக்கு இடமே இல்லை.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளில், குழந்தைகள் சொன்னதையும் செய்ததையும் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்து, ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து அதைப் படித்து அடுத்த நாள் வேலையை வகுக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நியூசிலாந்தில் கல்வியாளர் மார்கரெட் கார் முன்னின்று வளர்த்த 'கற்றல் கதைகள்' முறையிலும், ஒரு குழந்தையின் முயற்சியை ஆசிரியர் சிறு கதையாக எழுதிக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்கிறார். இவ்விரண்டிலும் கேமரா ஆசிரியரின் கண்ணுக்குத் துணையாக நிற்கிறது. உங்கள் மூத்த ஆசிரியைகளில் ஒருவரிடம் இப்படி எடுத்த சில படங்களைக் காட்டி, 'இந்தக் குழந்தை இங்கே என்ன யோசிக்கிறது என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: விரலால் திரையில் எழுத்தின் மேல் தடவி எழுதிப் பழகினால் போதாதா? பென்சில் எதற்கு? – ஒரு தந்தை

பதில்: போதாது. இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து கரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளைக் கையால் எழுத வைத்தும், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் வரைய வைத்தும், சிலவற்றை விசைப்பலகையில் தட்ட வைத்தும் பார்த்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம்பிடித்தபோது, படிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் கையால் எழுதிய எழுத்துகளுக்கே இயங்கின. குழந்தை தானே எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு வேறு விதமாக வருகிறது. அத்தனை கோணல்களும் ஒரே எழுத்துத்தான் என்று அறிவது படிப்புக்கு உதவுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உடனே பென்சிலைத் திணித்துவிடாதீர்கள். மணலில், ஈரமான தரையில், தடித்த கிரையானால் சுவரில் ஒட்டிய தாளில் எழுதினாலும் அது கையால் எழுதுவதுதான்.

கேள்வி: எங்கள் ஆசிரியைகளுக்கு ஸ்மார்ட் போர்டு பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்தோம். இப்போது அதில் படம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆர்வமின்மையா? – ஒரு தலைமை ஆசிரியை

பதில்: ஒரு நாள் பயிற்சியில் எதைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொத்தான்களைத்தான். மழலையர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பலகையின் முன் நிற்கும்போது யாரை எங்கே உட்கார வைப்பது, பலகையின் மேல் பாதி குழந்தைகளின் கைக்கு எட்டாதபோது என்ன செய்வது, எந்தப் பாடத்துக்கு அதை அணைத்தே வைத்திருப்பது என்பவற்றை விற்பனையாளர் அனுப்பிய பயிற்சியாளர் சொல்லியிருக்க மாட்டார். அவர் அந்த வகுப்பில் ஒரு நாளும் நின்றதில்லை.

கணினித் தொழிலின் தலைநகரமான சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை சென்று பார்த்து, கல்வி ஆய்வாளர் லாரி கியூபன் 2001இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வகுப்புகளில் கணினிகள் இருந்தன. ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அவற்றை எப்போதாவதுதான் பயன்படுத்தினர், பயன்படுத்தியபோதும் வழக்கமாகக் கற்பிக்கும் முறைக்குள்ளேயே அவற்றைப் பொருத்திக்கொண்டனர். அங்கேயே அப்படியென்றால் உங்கள் ஆசிரியைகள் படம் காட்டுவதோடு நிறுத்தியதில் புதுமை ஒன்றுமில்லை. இரண்டிரண்டு ஆசிரியைகளாகச் சேர்த்து, ஒரே ஒரு பாடத்தை எடுத்து, ஒருவர் நடத்த மற்றவர் குழந்தைகளை மட்டும் கவனிக்கும்படி வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். பார்த்துவிட்டு 'இதற்குப் பலகை தேவையில்லை' என்று அவர்கள் சொன்னால், அந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாத ஆசிரியை வேண்டும் என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

கேள்வி: பள்ளியிலிருந்து தினமும் குழந்தைகளின் படங்களை வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். பார்க்க மகிழ்ச்சிதான், ஆனால் ஏதோ உறுத்துகிறது. – ஒரு தாய்

பதில்: உறுத்த வேண்டியதுதான். உங்கள் குழந்தையின் படம், குழுவிலுள்ள எல்லாக் குடும்பங்களின் கைபேசியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. தனித்தனிக் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பச் சொல்லலாம்; முகம் தெரியாமல், செய்த வேலை மட்டும் தெரியும்படி எடுக்கச் சொல்லலாம். செயலிகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் கற்றலுக்காகப் பரிந்துரைக்கப்பட்ட 163 தொழில்நுட்பப் படைப்புகளை ஆராய்ந்ததில், அவற்றில் 89 விழுக்காடு குழந்தைகளைக் கண்காணிக்கக் கூடியவையாக இருந்தன என்பதை யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எடுத்துக்காட்டியிருக்கிறது.

ஆசிரியைகள் தரப்பில் இன்னொரு குறையும் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். தினமும் படம் வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், குழந்தை கோபுரம் கட்டும்போது அதன் அருகே உட்கார வேண்டியவர், எட்டி நின்று நல்ல கோணம் தேட வேண்டியிருக்கிறது. வாரம் ஒன்று போதும் என்று பெற்றோரே சொல்லிவிட்டால் அவர் மனத்துக்குள் நன்றி சொல்வார்.

கேள்வி: இப்போதே கோடிங் கற்றுக்கொள்ளாவிட்டால் பின்தங்கிவிடுவார்களா? – ஒரு தந்தை

பதில்: மாட்டார்கள். கட்டளைகளை வரிசைப்படுத்தும் சிந்தனையை இந்த வயதில் அறிமுகப்படுத்த விரும்பினால் அதற்குத் திரையே தேவையில்லை. கல்வி ஆய்வாளர் மரினா பெர்ஸ் குழுவினர் உருவாக்கிய கிபோ என்ற ரோபோவுக்கு, குழந்தைகள் மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்து, அவற்றிலுள்ள பட்டைக் குறியீடுகளை (பார்கோடு) அதற்குக் காட்டித்தான் கட்டளை தருகிறார்கள். அதுவும் இல்லாவிட்டால், ஒரு குழந்தையை ரோபோவாக நிறுத்தி 'இரண்டு அடி முன்னால், வலப்பக்கம் திரும்பு' என்று மற்றவர்கள் சொல்லட்டும். சுவரில் மோதும்போது எங்கே பிழை என்று அவர்களே தேடுவார்கள்.

கேள்வி: ஸ்வீடனில் மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளையே விலக்கிவிட்டார்களாமே? – ஒரு வாசகர்

பதில்: கேள்விப்பட்டது சற்று மிகை. 2019இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டம் மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயமாக்கியிருந்தது. 2023இல் அரசு அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கட்டாயம் போவது வேறு, தடை வருவது வேறு. மழலையர் வகுப்பைப் பொறுத்தவரை கட்டாயம் தவறான தொடக்கம் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஒரு செயலி நல்லதா என்று ஓர் ஆசிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஓர் ஆசிரியை

பதில்: உளவியலாளர் கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் அவருடைய சகாக்களும் 2015இல் நான்கு அளவுகோல்களைத் தந்தார்கள். குழந்தையின் மனம் அதில் இயங்க வேண்டும், விரல் மட்டும் இயங்கினால் போதாது. கவனம் சிதறாமல் அதிலேயே நிற்க வேண்டும். கற்பது அதன் வாழ்க்கையோடு பொருந்த வேண்டும். பிறரோடு பேசவும் சேர்ந்து செய்யவும் இடம் வேண்டும். நடைமுறையில் இவற்றைச் சோதிக்க, செயலியை முதலில் நீங்களே ஒருமுறை விளையாடுங்கள். வேண்டுமென்றே பிழை செய்யுங்கள். பிழைக்கும் சரியான விடைக்கும் ஒரே கைதட்டல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு இரண்டு குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தை மட்டும் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஒருவரையொருவரோ உங்களையோ பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் அதை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.